ராஜி மனுவில் கையெழுத்துப் போடுமுன்: உவரிப் பக்கத்து நிலவழக்குக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



உவரி, கூடுதாழை, கூட்டப்பனை, குட்டம், நவ்வலடி, இடையன்குடி, திசையன்விளை என்று நம் பக்கத்தில் நிலத் தகராறில் ராஜி போட்டு முடித்தவர்களுக்கும், அடுத்த மக்கள் நீதிமன்றத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வழக்கு நடத்துகிறவன் நான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி என்பதால் பொதுவில் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. கேள்வி இதுதான்: “கோர்ட்டிலே ராஜி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் இப்போ மீறிட்டான். மதுரைக்குப் போயி கண்டெம்ப்ட் போட்டு உள்ளே தள்ளிரலாமா?”

பல நேரம் முடியாது. அதற்கான காரணம் மீறியவனிடம் இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. “கோர்ட்டு முத்திரை இருக்கே, நீதிபதி கையெழுத்து இருக்கே, இதை மீறினா அவமதிப்பு இல்லாம வேற என்ன?” என்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் சட்டம் அப்படி ஒரே வரியில் போகவில்லை.

நம் பக்கத்து ராஜி எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்கில் வாய்தா வாங்கிச் சலித்த இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். காலையில் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பதினொரு மணிக்கு மேல் இரண்டு பேருக்கும் வேண்டிய ஒரு பெரியவர், “எத்தனை நாளைக்குடே இப்படி அலையப்போறீய” என்று ஆரம்பிப்பார். மதியச் சாப்பாட்டுக்குள் பேச்சு முடிந்துவிடும். கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடையில் பழைய ராஜி மனு ஒன்று கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும். பெயரையும் தாவா எண்ணையும் மாற்றுவார்கள். சொத்து விவரம் பிராதில் இருந்து அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். “இருதரப்பாரும் சமாதானமாகப் பேசி முடித்துக்கொண்டபடியால்” என்று தொடங்கி, “மேற்படி பாதையில் வாதிக்குப் பிரதிவாதி எவ்வித இடையூறும் செய்ய வேண்டியதில்லை” என்று முடியும். ஆளுக்கொரு கையெழுத்து, வக்கீல்களின் கையெழுத்து, ஒரு போட்டோ, ஒரு டீ.

மேற்படி பாதை என்றால் எந்தப் பாதை? எத்தனை அடி அகலம்? எந்தக் கல்லில் ஆரம்பித்து எங்கே போய் முடிகிறது? இப்போது நிற்கிற வேலியை எடுக்க வேண்டுமா, இருந்துவிட்டுப் போகட்டுமா? எடுப்பதென்றால் யார் செலவில், எந்தத் தேதிக்குள்? இவற்றில் ஒன்றுக்குமே அந்தத் தாளில் பதில் இருக்காது. பேசி முடித்த நேரத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பெரியவர் கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெரியவர் இருக்க மாட்டார், அல்லது ஒருவர் பக்கம் சாய்ந்திருப்பார்.

மற்ற ஊரில் இது ஒரு மடங்கு தொல்லை என்றால் நம் ஊரில் இரண்டு மடங்கு. ஆடிக் காற்றில் தேரி மண் நகர்கிற நிலம் இது. எல்லைக்கல் மண்ணுக்குள் போய்விடும். “அந்த மூணாவது பனைக்கு மேக்கே” என்று பத்திரத்தில் எழுதியிருக்கும் பனையைச் சூளைக்கு வெட்டிப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். எண்பதுகளில் நடந்த யுடிஆர் நில அளவையில் ஒருவர் விளை இன்னொருவர் பட்டாவில் ஏறிப்போன கதை வீட்டுக்கு வீடு உண்டு. கரைச்சுத்து உவரி என்கிற வருவாய்க் கிராமத்துப் பெயரில் இருக்கும் புலப்படத்தையும் தரையில் நிற்கும் வேலியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இப்படிப்பட்ட நிலத்தில் அளவில்லாமல் ராஜி எழுதினால், முதல் தகராறு முடிந்து இரண்டாவது தகராறு அன்றைக்கே ஆரம்பமாகிவிடுகிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1971ஆம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 2(ஆ) பிரிவில், உரிமையியல் அவமதிப்பு என்று இரண்டைச் சொல்கிறது. கோர்ட்டின் தீர்ப்பு, டிக்ரி, உத்தரவு இவற்றை வேண்டுமென்றே மீறுவது ஒன்று. கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பது மற்றொன்று. “டிக்ரி என்றுதான் போட்டிருக்கிறதே, ராஜி டிக்ரியும் டிக்ரிதானே” என்று நீங்கள் கேட்பீர்கள். உச்ச நீதிமன்றத்திலும் அதே கேள்வி போயிருக்கிறது.

1979இல் பாபுராம் குப்தா வழக்கு. ஒரு சினிமா தியேட்டர் பற்றிய தகராறு. இருதரப்பும் சம்மதித்து ஓர் உத்தரவு வாங்கினார்கள். தியேட்டரின் சுவாதீனத்தை ஒப்படைக்க வேண்டியவர் ஒப்படைக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் அவமதிப்பு என்று சிறைத்தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அவர் கோர்ட்டுக்கு வெளிப்படையான உறுதிமொழி எதுவும் கொடுக்கவில்லை, உத்தரவிலும் அப்படி ஒன்று பதிவாகவில்லை. எதிர்த்தரப்போடு செய்துகொண்ட சம்மதத்தை மீறியதற்கு நிறைவேற்று மனு (இ.பி.) போட்டுக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த மனிதர் செய்தது சரி என்று கோர்ட்டு சொல்லவில்லை. அவருடைய நடத்தையைக் கடிந்துகொண்டேதான் விட்டது. இருந்தும் விட்டது.

2006இல் ராமா நாரங் வழக்கு வந்தது. இது குடும்பத் தொழிலில் தகப்பனுக்கும் மகன்களுக்கும் வந்த சண்டை. 2001இல் உச்ச நீதிமன்றத்திலேயே ராஜி பதிவாகி, அதில் உறுதிமொழியும் இருந்தது. பிறகு மீறல். நிறைவேற்று மனு போட வழி இருக்கும்போது அவமதிப்பு எதற்கு என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்தில் டிக்ரி என்றே சொல்லியிருக்கிறது, சம்மத டிக்ரியும் அதற்குள் அடக்கம், நிறைவேற்ற வேறு வழி இருப்பதாலேயே அவமதிப்பு மனுவின் கதவை மூட முடியாது என்றது.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் நமக்குக் கிடைக்கும் நடைமுறை இது. உறுதிமொழி தெளிவாக, கோர்ட்டைப் பார்த்து, டிக்ரியில் பதிவாகி இருந்தால் உங்கள் கையில் பலமான மனு இருக்கிறது. அது இல்லாத ராஜியை வைத்துக்கொண்டு போனால், 2006ஐக் காட்டி நீங்கள் வாதாடலாம், எதிர்த்தரப்பு 1979ஐக் காட்டும், “இ.பி. போட்டுக்கொள்ளுங்கள்” என்று நீதிபதி அனுப்பிவிடவும் கூடும். மதுரைக்குப் போய்வர நமக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த அனுப்பலைக் கேட்கவா அத்தனை தூரம்?

ஆகவே நான் வேண்டிக்கொள்வதெல்லாம் ராஜி எழுதுகிற அன்றைக்கு அரைமணி நேரம் அதிகமாக உட்காருங்கள் என்பதுதான். டைப்பிங் கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மீறக்கூடாத காரியத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: “இணைப்பு வரைபடத்தில் அ, ஆ, இ, ஈ என்று காட்டியுள்ள 12 அடி அகலப் பாதையில் உள்ள கம்பிவேலியையும் கல்தூண்களையும் இன்றிலிருந்து 30 நாளுக்குள் என் செலவில் அகற்றுவேன் என்றும், அதன்பின் அப்பாதையில் எதையும் நடவோ கட்டவோ மாட்டேன் என்றும், பிரதிவாதியாகிய நான் இந்த நீதிமன்றத்திற்கு உறுதியளிக்கிறேன்.” இதில் ‘இந்த நீதிமன்றத்திற்கு’ என்பதை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தை சர்வேயரை வைத்து, கோர்ட்டுக் கமிஷனர் போயிருந்தால் அவருடைய அறிக்கையோடு பொருத்தி, இருதரப்பும் கையெழுத்திட்டு இணைக்கவேண்டும். உறுதிமொழியைப் பதிவு செய்வதாக டிக்ரியிலும் ஒரு வாக்கியம் வரவேண்டும். ராஜி மனுவும் வரைபடமும் டிக்ரியின் பகுதி என்றும் வரவேண்டும். இதை நீதிபதியிடம் கேட்டு வாங்குவது வக்கீல் வேலை. கேட்காத வக்கீலிடம் நீங்கள் கேளுங்கள்.

அளவு எதற்கு இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அவமதிப்பு மனுவை விசாரிக்கிற நீதிபதிக்கு டிக்ரியின் நான்கு மூலைக்கு வெளியே போக அதிகாரமில்லை. ஓஎன்ஜிசி சம்பந்தமாக நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து போன சுதிர் வாசுதேவா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: உத்தரவில் வெளிப்படையாக இல்லாததை அவமதிப்பு மனுவில் சேர்த்துக்கொடுக்க முடியாது. பாதை என்று மட்டும் எழுதிவிட்டு, அது மாட்டுவண்டி போகிற அகலம் என்று மதுரையில் போய் நிரூபிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே சாட்சிக்கூண்டு ஏற்றி எல்லை அளக்க மாட்டார்கள்.

ஊர்க் கமிட்டி முன்பாகவோ, பங்குச்சாமியார் மத்தியஸ்தத்திலோ, அந்தோனியார் கோவிலில் சத்தியம் பண்ணியோ, சுயம்புலிங்கசாமி கோவில் நடையில் சூடம் அணைத்தோ முடித்த சமாதானங்களும் நம் ஊரில் உண்டு. அவற்றில் பல, கோர்ட்டு ராஜியைவிட நாள்பட நின்றிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நின்றவரைக்கும்தான். மீறினால் அதற்குத் தண்டனை கொடுப்பது அந்தோனியார் பாடு. உயர் நீதிமன்றம் அதில் தலையிடாது. அந்தப் பேச்சை அப்படியே எழுத்தாக்கிக் கையெழுத்திட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 23, விதி 3இன் கீழ் கோர்ட்டில் கொடுத்து, அது சட்டப்படியானது என்று நீதிபதி திருப்திப்பட்டு டிக்ரி ஆக்கினால்தான் அது கோர்ட்டின் வார்த்தை.

சரி, உறுதிமொழி இருக்கிறது, மீறியும் விட்டான். அப்போது என்ன? வள்ளியூர், நாங்குநேரி என்று எந்தக் கோர்ட்டின் டிக்ரியாக இருந்தாலும், கீழ்க்கோர்ட்டை அவமதித்ததற்குத் தண்டிக்கும் அதிகாரம் அவமதிப்புச் சட்டம் 10ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு. நமக்கு அது 2004 ஜூலையில் திறந்த மதுரைக் கிளை. உரிமையியல் அவமதிப்புக்கு அட்வகேட் ஜெனரல் சம்மதம் தேவையில்லை, நீங்களே போடலாம். ஆனால் 20ஆம் பிரிவை மறக்கக்கூடாது: மீறல் நடந்த நாளில் இருந்து ஒரு வருஷம். “பொங்கலுக்குத் தம்பி பம்பாயில இருந்து வருவான், பேசிப் பார்ப்போம், அடுத்த கோவில் கொடைக்குப் பேசுவோம்” என்று தள்ளிக்கொண்டே போனால் அந்த வருஷம் முடிந்துவிடும். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசிக்கொண்டே ஒரு வக்கீல் நோட்டீசும் அனுப்பி, மீறிய தேதியைப் படத்தோடு பதிந்து வையுங்கள்.

தண்டனை என்று பார்த்தால் அதிகபட்சம் ஆறு மாதம் வெறுங்காவல், அல்லது 2000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உண்மையாக மன்னிப்புக் கேட்டால் அதுவும் இல்லாமல் போகலாம். 1971இல் வைத்த அந்த 2000 ரூபாயை இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. இன்றைக்கு அது ஒரு லோடு வேலிக்கல் வாங்கக் காணாது. அபராதத்தைப் பார்த்துப் பயந்து வேலியைப் பிடுங்குகிறவன் யாரும் இல்லை. பயம் எங்கே வருகிறதென்றால், உயர் நீதிமன்றத்தில் நேரில் வந்து நில் என்று நோட்டீஸ் வரும்போதுதான். வேலியை இரவோடு இரவாக எடுத்துவிட்டு மறுநாள் “மன்னிச்சிருங்க ஐயா” என்று நிற்கிறார்கள். அத்தோடு, அவமதிப்பால் அடைந்த ஆதாயத்தை மீறியவனிடம் விட்டுவைக்காமல் பழைய நிலைக்குத் திருப்ப கோர்ட்டால் முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் நிலைநாட்டியிருக்கிறது. சிறையைவிட இதுதான் நிலவழக்குக்காரருக்கு உபயோகம்.

இதற்காகத்தான் எல்லாரும் இ.பி.யை விட்டுவிட்டு கண்டெம்ப்டுக்கு ஓடுகிறார்கள். இ.பி. என்றாலே மக்களுக்குச் சலிப்பு. அது வீண்சலிப்பும் அல்ல. இந்தியாவில் கட்சிக்காரனுக்குத் தொல்லை தொடங்குவதே டிக்ரி வாங்கிய பிறகுதான் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே வருத்தப்பட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம், நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் பெரியம்மாள் வழக்கில், அதுவும் தமிழ்நாட்டில் ஆரம்பித்த ஒரு கிரய ஒப்பந்தத் தாவாவில், அதையே மறுபடி சொல்லி நாடு முழுவதும் கணக்குக் கேட்டது. அந்த வருஷம் அக்டோபரில் வந்த கணக்கு: நாட்டில் நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்கள் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல், தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கும் மேல். இந்த நிலையில் தெளிவான உறுதிமொழியை முறித்தவனைக்கூட “இ.பி. போகட்டும்” என்று விட்டுவிடும் உத்தரவுகளைப் பார்க்கும்போது எனக்கு உடன்பாடு இல்லை. கோர்ட்டைப் பார்த்துக் கொடுத்த வார்த்தையைக் கோர்ட்டே காக்காவிட்டால் ராஜிக்கு யார் வருவார்கள்?

இருந்தாலும் இ.பி.யைக் கேவலமாக நினைக்காதீர்கள் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. கண்டெம்ப்ட் செய்யாத வேலையை அது செய்யும். விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்று ராஜியில் ஒப்புக்கொண்ட அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தால், அவனை மதுரைக்கு இழுத்து என்ன லாபம்? கட்டளை 21, விதி 34இல் கோர்ட்டே அவனுக்காகப் பத்திரத்தில் கையெழுத்திடும். வேலியை எடுக்கவில்லையா, விதி 32இல் கோர்ட்டு ஆள் வைத்து எடுத்து செலவை அவன் தலையில் கட்டும். சொத்து ஜப்தியும் உரிமையியல் சிறையும் அந்த விதியிலேயே இருக்கின்றன. சுவாதீனம் தரவில்லையா, அமீனா வந்து எடுத்துக் கொடுப்பார். இவ்வளவும் உங்கள் தாலுகாக் கோர்ட்டிலேயே.

இன்னொன்று. வாக்குக் கொடுத்தவர் இறந்துபோனால் அவமதிப்பும் அவரோடு போய்விடுகிறது. அப்பா கொடுத்த உறுதிமொழிக்காக மகனைத் தண்டிக்க முடியாது. டிக்ரி அப்படி இல்லை, நிலத்தோடு நிற்கும். தடைக்கட்டளை டிக்ரியைக்கூட வாரிசுகள் மேல் நிறைவேற்றலாம் என்று கர்நாடகத்தில் இருந்து போன பிரபாகர அடிகா வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நம் பக்கத்து வழக்குகள் தகப்பன் காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் முடிகிறவை. வயதானவரோடு ராஜி போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ.பி.க்கும் கெடு உண்டு, அதுவும் ஒரே கெடு இல்லை. சுவாதீனம் வாங்க 12 வருஷம். வேலியை எடு, சுவரை இடி என்கிற மாதிரி ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு 3 வருஷம்தான். இனி இடையூறு செய்யாதே என்கிற நிரந்தரத் தடைக்குக் கெடு கிடையாது. ஒரே ராஜியில் இந்த மூன்றும் கலந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் 12 வருஷம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பாகப்பிரிவினை டிக்ரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முத்திரைத்தாள் கொடுத்தால்தான் டிக்ரியை எழுதி முடிப்பார்கள். அதைக் கொடுக்காமலே காலம் கடத்தினால் கெடு காத்திருக்காது. ஹமீது ஜோஹரான் வழக்கு நம் மாநிலத்து வழக்குதான்: 1970இல் இறுதி டிக்ரி, முத்திரைத்தாள் கொடுத்து நிறைவேற்ற வந்தது 1984இல். கெடு டிக்ரி தேதியில் இருந்தே ஓடிவிட்டது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா அது?

கையெழுத்து விஷயம். நம் வீடுகளில் ஒருவர் சென்னையில் மளிகைக்கடை, ஒருவர் பம்பாயில், ஒருவர் வளைகுடாவில். ராஜிக்கு பவர் வாங்கியவர் வந்து போட்டுவிட்டுப் போவார், அல்லது வக்கீலே போடுவார். வக்கீல் கையெழுத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிக்ரி செல்லும், சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கு “நான் எந்த உறுதியும் கொடுக்கவில்லை, என் பவர் ஏஜெண்டு போட்டது எனக்குத் தெரியாது” என்று அவன் சொன்னால், வேண்டுமென்றே மீறினான் என்று காட்டுவது கஷ்டம் என்பது என் கருத்து. இப்போது வீடியோவில் ஆஜராக வசதி இருக்கிறது. உறுதிமொழி கொடுக்கிறவர் தன் வாயால் கொடுக்கட்டும், தன் கையால் போடட்டும்.

கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சியை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் ராஜி போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்துக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ, பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற காலம் போய்விட்டது. தாவாவில் தரப்பினராக இல்லாத பெண்ணை அந்த ராஜி கட்டாது. அவள் தனித்தாவா போட்டால் உங்கள் சமாதானம் முழுக்க ஆட்டம் கண்டுவிடும். மைனர் பிள்ளைகள் இருந்தால் கோர்ட்டு அனுமதியை எழுத்தில் வாங்கவேண்டும்.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று வருகிறவர்களுக்கு: ராஜி டிக்ரிக்கு அப்பீல் கிடையாது, அதை ரத்து செய்யத் தனித்தாவாவும் போட முடியாது. டிக்ரி கொடுத்த அதே கோர்ட்டில்தான் மனுப் போடவேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடவேண்டும், அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டும். கேரளத்தில் இரண்டு சகோதரர்கள் 1999இல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்ட ஒரு வீட்டு விவகாரம், 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவு செல்லும் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. மக்கள் நீதிமன்றத் தீர்வும் டிக்ரிக்குச் சமம்தான், கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் பின்னால் மீறுவான் என்று சந்தேகம் இருக்கிற ஆளோடு முடிப்பதென்றால், நான் வழக்கமான கோர்ட்டில் நீதிபதி முன் உறுதிமொழியோடு ராஜி பதியத்தான் சொல்வேன். கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும் திரும்பத் தரவேண்டும் என்று 2021இல் நம் சென்னை உயர் நீதிமன்ற வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

டிக்ரி நகல் வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். திசையன்விளை சார்பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். தாவாச் சொத்து மட்டுமே ராஜியில் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. தாவாவில் இல்லாத பக்கத்து விளையையும் சேர்த்துப் பேசியிருந்தால் கட்டாயம். கட்டாயமில்லாவிட்டாலும் பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், வாங்க வருகிற மூன்றாம் ஆளுக்குத் தெரியும். அப்புறம் தாசில்தாரிடம் உட்பிரிவுக்கு மனு. அவர் பட்டா மாற்றித் தரவில்லை என்று அவர்மேல் கண்டெம்ப்ட் போடலாமா என்று கேட்கிறார்கள். அவர் தாவாவில் தரப்பினர் இல்லையே, எதை மீறினார்? அதற்கு ரிட் மனு வேறு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உறுதிமொழி இருக்கிறது, கெடு இருக்கிறது, அவனை உள்ளே தள்ளவே முடியும் என்ற நிலையில் வருகிறவர்கள் சிலர், வேலி போனால் போதாது, ஆளும் ஒரு மாதமாவது சிறைக்குப் போகவேண்டும் என்கிறார்கள். கூடப்பிறந்தவனாக இருப்பான் பெரும்பாலும். நான் அந்த மனுவில் ‘தண்டிக்கவும்’ என்று எழுதுவேன், அது படிவம். வாதாடும்போது பழைய நிலைக்குத் திருப்பித் தரச் சொல்லித்தான் முதலில் கேட்பேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு வக்கீலைப் பார்க்கட்டும். சிறைக்குப் போய் வந்தவனோடு அதே பாதையில்தான் நீங்கள் பதநீர் சுமந்து நடக்கவேண்டும்.

ஏற்கெனவே உறுதிமொழி இல்லாமல் ராஜி போட்டுவிட்டவர்கள் இந்த மாதமே செய்யவேண்டியது: கோர்ட்டில் நகலுக்கு மனுப் போடுங்கள். டிக்ரி நகல் மட்டும் போதாது, ராஜி மனு, வரைபடம் இருந்தால் அது, கமிஷனர் அறிக்கை எல்லாவற்றின் நகலும் வேண்டும். டிக்ரி தேதியையும், காரியம் செய்யக் குறித்த தேதி இருந்தால் அதையும் சிவப்பு மையில் சுற்றிவிட்டு, மூன்று வருஷம் தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். தாண்டவில்லை என்றால் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வள்ளியூர் பஸ் ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வழக்கறிஞன் ஒருவன்